ஆஸ்பத்திரி அட்மிஷனுக்குப் பை அடுக்குவது: முதல் நாளிலிருந்து டிஸ்சார்ஜ் வரை

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் நடந்த அன்று ராத்திரி ஒன்றரை மணி இருக்கும். படுக்கையில் எழுந்து உட்கார்ந்துகொண்டு, "யாரு வீடும்மா இது, லைட்டைப் போடு, கிளம்பலாம்" என்றார். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடுங்கப் பார்க்கிறார். நான் சொல்வது எதுவும் அவர் காதில் விழவில்லை, என் முகமும் அவருக்குச் சரியாகத் தெரியவில்லை. காரணம் எளிது. கண்ணாடி வீட்டில் டிவி ஸ்டாண்டு மேல் இருக்கிறது, காது மெஷின் அதன் டப்பாவில் அலமாரிக்குள் இருக்கிறது. ஆறு லுங்கி எடுத்து வைத்த நான் அந்த இரண்டையும் விட்டுவிட்டு வந்திருந்தேன். காலையில் தம்பி இரண்டையும் கொண்டுவந்து மாட்டிவிட்ட கொஞ்ச நேரத்தில் அப்பா ஜன்னலைப் பார்த்து, "மழை வரும் போல இருக்கே" என்றார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

வயதானவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு இப்படிக் குழப்பம் வருவது அடிக்கடி நடக்கிறதுதான். மயக்க மருந்து, வலி, தூக்கமில்லாமை, உப்புச்சத்துக் குறைவு, கிருமித்தொற்று என்று பல காரணங்கள் உண்டு. அதனால் இப்படி யாராவது பேச ஆரம்பித்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும், வயசாச்சு அப்படித்தான் என்று விட்டுவிடக் கூடாது. ஆனால் கண்ணும் காதும் வேலை செய்தால் அந்தக் குழப்பம் குறையும், இது டாக்டர்களே சொல்வது. அதற்குப் பிறகு அம்மாவுக்குப் பித்தப்பை, மாமியாருக்கு முழங்கால் என்று இரண்டு தடவை பை அடுக்கிவிட்டேன். இப்போது ஒரு வரிசை பிடிபட்டிருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன். முன்கூட்டியே தேதி குறித்து, மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை படுக்கப் போகிற பெரியவர் ஒருவரை மனதில் வைத்து எழுதியது இது. பிரசவத்துக்கான பை தனிக் கதை, அதை இங்கே தொடவில்லை.

முதலில் ஒரு போன்

பையைத் திறப்பதற்கு முன்னால் ஆஸ்பத்திரிக்கு ஒரு போன் போடுங்கள், முடிந்தால் நேரில் போய் வார்டையே ஒரு எட்டு பார்த்துவிட்டு வாருங்கள். கூட எத்தனை பேர் தங்கலாம், தங்குபவருக்குக் கட்டில் உண்டா நாற்காலிதானா, வெளிச்சாப்பாடு உள்ளே விடுவார்களா, வெந்நீர் கிடைக்குமா, ஏசி அறையா, அட்வான்ஸ் எவ்வளவு கட்டச் சொல்வார்கள். இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரிந்தாலே பாதிப் பை தானாக முடிவாகிவிடும். சில ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்கு உடுப்பு, போர்வை, சாப்பாடு எல்லாம் அவர்களே கொடுத்துவிடுவார்கள், அங்கே நீங்கள் ஐந்து நைட்டி தூக்கிக்கொண்டு போவது வீண். அரசு ஆஸ்பத்திரியில் பக்கெட், மக், பாய் வரை நாம்தான் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

அதே போனில் இன்னும் இரண்டு விஷயம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணியிலிருந்து வெறும் வயிறாக இருக்க வேண்டும்? பொதுவாகத் திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்னாலும், வெறும் தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்னாலும் நிறுத்தச் சொல்வது வழக்கம், பல இடங்களில் இன்னும் முன்னாலேயே, ராத்திரியிலிருந்தே நிறுத்தச் சொல்வார்கள். உங்களுக்கு என்ன சொன்னார்களோ அதுதான் கணக்கு, பால் விட்ட காபி தண்ணீர்க் கணக்கில் வராது. இரண்டாவது, எந்த மாத்திரையை எப்போது நிறுத்த வேண்டும்? ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடுகிற மாத்திரைகளில் சிலவற்றை ஆபரேஷனுக்குப் பல நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள், சிலவற்றை நிறுத்தவே கூடாது என்பார்கள். இதை நாமாக முடிவு செய்யவே கூடாது. முதல் நாள் மாலை அட்மிஷன் கவுன்ட்டரில் இது தெரியவந்தால் ஆபரேஷனே தள்ளிப்போகும்.

ஃபைல்: இதை மட்டும் நீங்களே தூக்குங்கள்

பையில் எது விட்டுப்போனாலும் யாராவது கொண்டுவந்து கொடுத்துவிடலாம், ஃபைல் விட்டுப்போனால் கவுன்ட்டரிலேயே நிற்க வேண்டியதுதான். பட்டன் வைத்த பிளாஸ்டிக் ஃபைல் ஒன்று வாங்குங்கள். அதில் மேலிருந்து கீழாக இந்த வரிசையில் வையுங்கள்: அட்மிஷன் எழுதிக் கொடுத்த சீட்டு, கடைசியாகப் பார்த்த டாக்டரின் குறிப்பு, ரத்தப் பரிசோதனை, ஈசிஜி, எக்கோ, ஸ்கேன் ரிப்போர்ட், பழைய டிஸ்சார்ஜ் சம்மரி. ஸ்கேன் ஃபிலிமையும் சிடியையும் மடிக்காமல் அதற்கென்று ஒரு பெரிய கவரில் தனியாக. ஆதார், குடும்ப அட்டை இரண்டுக்கும் நாலைந்து ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ நாலு, ஒரு பேனா. ஜெராக்ஸ் எடுக்க ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கிற அரைமணி நேரம் நோயாளி தனியாக உட்கார்ந்திருப்பார், அதற்காகத்தான் சொல்கிறேன்.

காப்பீடு இருந்தால் அதன் காகிதங்கள் தனிக் கவரில். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கானது. அதன் அட்டை இருந்தால் அசலாகவே கொண்டுபோங்கள். அந்தத் திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளும் உண்டு, ஆனால் உங்களுக்கு நடக்கப் போகிற சிகிச்சை அந்த ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டத்தில் வருகிறதா என்று அங்கேயுள்ள காப்பீட்டுத் திட்டக் கவுன்ட்டரில் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். தனியார் பாலிசி என்றால் பாலிசி நம்பர், அட்டை, நோயாளியின் அடையாள அட்டை, பாலிசிதாரரின் அடையாள அட்டை இவையெல்லாம். தேதி குறித்த ஆபரேஷனுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே தகவல் சொல்லிவிட வேண்டும் என்று இருக்கும், பாலிசியை எடுத்து ஒரு தடவை படித்துவிடுங்கள்.

ரத்தம் தேவைப்படலாம் என்று சொல்லியிருந்தால், கொடுக்க வரக்கூடிய இரண்டு மூன்று பேரின் பெயரும் நம்பரும் அதே ஃபைலில் இருக்கட்டும். 18 வயதிலிருந்து 65 வயதுக்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு மூன்று மாதமும் பெண்களுக்கு நாலு மாதமும் ஆகியிருக்க வேண்டும். முதல் நாளே போன் போட்டு இதைக் கேட்டு வைத்துக்கொண்டால், அவசரத்தில் வந்து நின்றவரைத் திருப்பி அனுப்புகிற சங்கடம் இருக்காது.

எல்லாவற்றையும் செல்போனில் போட்டோ எடுத்து, கூடத் தங்கப் போகிற எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள்.

மாத்திரை டப்பா

அம்மாவுக்கு மாத்திரை அட்டையைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக வெட்டி டப்பாவில் போட்டு வைக்கிற பழக்கம். எடுக்கச் சுலபம் என்பார். அட்மிஷன் அன்று டியூட்டி டாக்டர், "என்னென்ன மாத்திரை சாப்பிடறாங்க?" என்று கேட்டதும் அந்த டப்பாவைத் திறந்து கொட்டினேன். மூன்று வெள்ளை வட்ட மாத்திரை, எல்லாம் ஒரே அளவு, வெட்டின துண்டில் பாதி எழுத்து ஒன்றில், விலை மட்டும் இன்னொன்றில். எது பிரஷர், எது சர்க்கரை, எது தைராய்டு என்று எனக்கும் தெரியவில்லை, வலியில் இருந்த அம்மாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்குப் பக்கத்து மெடிக்கலுக்குப் போன் செய்து கேட்க வேண்டியதாயிற்று.

அதனால் மாத்திரைகளை முழு அட்டையோடு, பெயரும் காலாவதித் தேதியும் தெரிகிற மாதிரி ஒரு ஜிப் கவரில் போடுங்கள். கூடவே ஒரு தாளில் பெரிய எழுத்தில் மாத்திரையின் பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளைக்கு, எத்தனை வருஷமாக என்று எழுதுங்கள். எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாது என்றால், முன்பு ஏதாவது ஊசி போட்டு உடம்பெல்லாம் தடித்திருந்தால், அதைச் சிவப்பு மையில் அந்தத் தாளின் தலைமாட்டிலேயே எழுதுங்கள். லேகியம், சூரணம், சித்த மருந்து, ஓமியோபதி உருண்டை, ஆன்லைனில் வாங்கிய சத்து மாத்திரை எதையும் ஒளிக்க வேண்டாம். டாக்டர் திட்டுவார் என்று பலர் மறைக்கிறார்கள். ரத்தம் உறைவதையும் மயக்க மருந்தையும் பாதிக்கக்கூடியவை அதில் இருக்கலாம், சொல்லிவிடுவதுதான் நல்லது.

வார்டுக்குப் போனதும் ஒரு கேள்வி கட்டாயம் கேட்க வேண்டும்: "இந்த மாத்திரையை நீங்கள் கொடுப்பீர்களா, நான் கொடுக்கவா?" பல ஆஸ்பத்திரிகளில் அதே மாத்திரையை அவர்கள் மருந்தகத்திலிருந்தே கொடுத்துவிடுவார்கள். சிஸ்டர் ஒரு பிரஷர் மாத்திரை கொடுத்து, தெரியாமல் நாமும் வீட்டு டப்பாவிலிருந்து ஒன்று கொடுத்தால் பிரஷர் ஒரேயடியாக இறங்கிவிடும். கேட்ட பதிலைத் தாளில் எழுதி வையுங்கள்.

இன்சுலின் போடுகிறவர் என்றால், இப்போது பயன்படுத்திக்கொண்டிருக்கிற பேனாவை 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறாத இடத்தில் வெளியிலேயே வைக்கலாம், பெரும்பாலான வகைகள் நாலு வாரம் தாங்கும், அட்டைப்பெட்டியில் போட்டிருப்பதைப் பாருங்கள். சித்திரை வெயிலில் நிறுத்தி வைத்த காருக்குள் விடக் கூடாது. ஐஸ்கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோனாலும் அதைப் போடக் கூடாது. ஆஸ்துமா இன்ஹேலர், கண் சொட்டு மருந்து, இவை மாத்திரைக் கவரிலேயே.

உடம்பில் மாட்டுவதும் உடம்பிலிருந்து கழற்றுவதும்

கண்ணாடி, காது மெஷின், அதற்கு உபரி பேட்டரி அல்லது சார்ஜர், பல் செட், கைத்தடி. இவற்றைப் பையில் தேடி எடுத்து வைப்பதைவிட, கிளம்புகிற நேரத்தில் அவர் உடம்பில் இருக்கிறதா என்று பார்ப்பதே சரி. ஆனால் இவற்றின் டப்பாக்களைப் பையில் வைக்க மறக்க வேண்டாம், அதுதான் முக்கியம். ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்போது பல் செட்டைக் கழற்றச் சொல்வார்கள். டப்பா இல்லாவிட்டால் டிஷ்யூ பேப்பரில் சுற்றி மேஜை மேல் வைப்போம், பெருக்க வருகிறவர் குப்பை என்று எடுத்துப்போட்டுவிடுவார். மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றில் பெயர் எழுதி ஒட்டிக் கொண்டுபோங்கள். ஒரு சின்ன மேஜைக் கடிகாரமும் வையுங்கள். ராத்திரி கண் விழித்ததும் மணி என்ன என்று தெரிந்தால் பெரியவர்களுக்கு ஒரு தெளிவு வரும்.

நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. தியேட்டரில் ரத்தக் குழாயைச் சுட்டு அடைக்க மின்சாரக் கருவி பயன்படுத்துவார்கள், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சுட்டுவிடலாம். எம்ஆர்ஐ எடுப்பதாக இருந்தாலும் உலோகம் எதுவும் கூடாது. கழற்றுவதில்தான் கஷ்டம். அம்மாவின் மெட்டி கல்யாணத்தன்று போட்டது, அதற்குப் பிறகு கழற்றியதே இல்லை. தேங்காய் எண்ணெய் தடவிக் கால்மணி நேரம் ஊறவிட்டு, விரலைச் சுற்றி நூலை நெருக்கமாகச் சுற்றிக்கொண்டு, நூலின் ஒரு முனையை மெட்டிக்கு அடியில் விட்டு மெல்ல மெல்லப் பிரித்துக்கொண்டே வந்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. இதையே அட்மிஷன் அன்று காலை சிஸ்டர் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு செய்திருந்தால் அம்மா அழுதிருப்பார். தாலிக்கு மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்வது நம் ஊர் வழக்கம்தான், கயிற்றில் மஞ்சள் கிழங்கு ஒன்றை முடிந்துகொண்டால் அம்மாக்களுக்கு மனசு சமாதானமாகும். தாலிச் சங்கிலியில் தொங்குகிற ஊக்குகளை மறந்துவிடாதீர்கள், அம்மாவின் சங்கிலியில் ஐந்து இருந்தன. ஆண்களுக்கு வெள்ளி அரைஞாண், அதை யாரும் நகை என்று நினைப்பதே இல்லை, தியேட்டர் வாசலில்தான் ஞாபகம் வரும். மூக்குத்தி திருகு இறுகியிருந்தால் இரண்டு நாள் முன்பே ஆசாரியிடம் போய்விடுங்கள்.

நகப் பூச்சையும் அழித்துவிட வேண்டும். விரல் நுனியில் கிளிப் மாதிரி ஒன்று மாட்டி வெளிச்சம் பாய்ச்சித்தான் ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கிறார்கள், அடர்ந்த நிறம் அதைக் குழப்பும். அட்மிஷனுக்கு முந்தின வாரம் வீட்டில் விசேஷம் என்றால் விரல் நுனியில் மருதாணி வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு

இங்கே ஒரே கணக்குதான். கையில் ஊசி குத்தி டேப் ஒட்டியிருக்கும், அந்தக் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியாது. அதனால் பனியன், டிஷர்ட், தலை வழியாகப் போடுகிற நைட்டி எதுவும் வேண்டாம். முன்பக்கம் முழுக்கத் திறக்கிற, அகலமான கை வைத்த, பருத்தி நைட்டி அல்லது சட்டை மூன்று நாலு. ஆண்களுக்கு லுங்கி அல்லது வேட்டி. பேன்ட்டைவிட லுங்கி நல்லது, யூரின் டியூப் மாட்டியிருந்தாலும் டாக்டர் தையலைப் பார்க்க வந்தாலும் சுலபம். வயிற்றில் ஆபரேஷன் என்றால் இடுப்பில் இறுக்குகிற நாடா, எலாஸ்டிக் எதுவும் கூடாது. முழங்கால் என்றால் காலை மடக்காமல் உடுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

ஏசி அறையில் வயதானவர்களுக்குப் பாதம்தான் முதலில் குளிரும், ஒரு ஜோடி காலுறை, ஒரு சால்வை. காலுறையோடு நடக்க விடாதீர்கள், வழுக்கும். செருப்பு பின்பட்டி வைத்ததாக, ரப்பர் அடியோடு இருக்க வேண்டும், புதிதாக வாங்கினால் ஒரு வாரம் வீட்டில் போட்டுப் பழகட்டும். ஆஸ்பத்திரி பாத்ரூமில் தரை எப்போதும் ஈரம்.

கழுவ, துடைக்க, கழிக்க

இரண்டு மெல்லிய துண்டு, ஈரிழை இருந்தால் அது போதும், கனமான டவல் காயவே காயாது. சோப்பு, பிரஷ், பேஸ்ட், சீப்பு, சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய். உதட்டில் தடவ வாஸ்லின், நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் உதடு வெடித்துவிடும். படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிட ஒரு பழைய மெல்லிய வேட்டித் துணியை நாலாகக் கிழித்துக் கொண்டுபோங்கள், வெட் டிஷ்யூவைவிட அதுதான் சுகம். பெட்பேன், யூரின் கேன், பெரியவர்களுக்கான டயபர், படுக்கை மேல் விரிக்கிற பேடு இவற்றை வாங்கிச் சேர்க்காதீர்கள். தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி மெடிக்கலிலேயே கிடைக்கும். துவைக்க வேண்டிய துணிக்குத் தனியாக ஒரு பெரிய பை.

பாத்திரம்

வெந்நீருக்கு ஒரு பிளாஸ்க், கஞ்சி வாங்கிவர ஒரு தூக்கு, இரண்டு தம்ளர், ஒரு தட்டு, இரண்டு ஸ்பூன், ஒரு சின்னக் கத்தி, பாத்திரம் தேய்க்கும் நார். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை மட்டும் பயன்படுத்துகிற பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை இருப்பதால், கேரி பேக்கை நம்பி வெறுங்கையோடு கேன்டீனுக்குப் போக வேண்டாம். மஞ்சப்பையும் தூக்கும் கையில் இருந்தால் கவலை இல்லை. ஸ்ட்ரா ஒரு நாலைந்து வையுங்கள், காகித ஸ்ட்ரா ஊறிப்போகும், கழுவிப் பயன்படுத்துகிற வளைந்த ஸ்டீல் ஸ்ட்ரா நல்லது. படுத்தபடி தம்ளரில் குடித்தால் புரை ஏறும்.

சாப்பாடு எதையும் முதல் நாள் கட்டிக்கொண்டு போகாதீர்கள். எப்போது என்ன கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான். வீட்டிலிருந்து வருகிற இட்லிக்கும் ரசத்துக்கும் இரண்டாம் நாளிலிருந்து ஆளைப் பிடித்துக்கொள்ளலாம்.

கூடத் தங்குபவரின் பை

இதை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்ளத் தூங்காமல் கிடக்கிறவர் மூன்றாம் நாள் காய்ச்சலில் விழுந்தால் யார் பார்ப்பது? அவருக்குத் தனிப் பை, தனி நிறம். இரண்டு செட் துணி, உள்ளாடை, பிரஷ், துண்டு, பெட்ஷீட், காற்றடைத்த தலையணை அல்லது வீட்டுத் தலையணை, ஸ்வெட்டர், பெண்கள் என்றால் நாப்கின். அவருக்கும் பிரஷர், சர்க்கரை இருந்தால் அவருடைய மாத்திரை. பிஸ்கட், பொரிகடலை, வாழைப்பழம், ஏனென்றால் நடுராத்திரி கேன்டீன் இருக்காது.

மொபைல் சார்ஜர், பவர் பேங்க், மூன்று மீட்டர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். வார்டில் பிளக் பாயின்ட் கட்டிலுக்குப் பின்னால் எங்கேயோ இருக்கும், அதில் மருத்துவக் கருவி மாட்டியிருந்தால் தொடவே கூடாது, கேட்டுவிட்டுத்தான் சொருக வேண்டும். ரொக்கம் கொஞ்சம் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளாக, டீக்கும் ஜெராக்ஸுக்கும் ஆட்டோவுக்கும். தரைத்தளத்துக்குக் கீழே இருக்கிற மருந்தகத்தில் சிக்னல் கிடைக்காமல் போனில் பணம் கட்ட முடியாமல் நின்றிருக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு 40 பக்க நோட்டு. யார் டூட்டியில் இருந்தாலும் அதில் எழுத வேண்டும்: எத்தனை மணிக்குக் காய்ச்சல் எவ்வளவு, யூரின் எவ்வளவு போனது, என்ன மருந்து கொடுத்தார்கள், டாக்டர் ரவுண்ட்ஸில் என்ன சொன்னார், நாளைக்குக் கேட்க வேண்டிய கேள்வி என்ன, செலவு எவ்வளவு. காலையில் அண்ணி வந்து என்னை அனுப்பும்போது நான் தூக்கக் கலக்கத்தில் எதையாவது விட்டுவிடுவேன், நோட்டில் இருந்தால் விட்டுப்போகாது. டாக்டர் நம் கட்டில் பக்கத்தில் நிற்பதே கொஞ்ச நேரம்தான், அந்த நேரத்தில் நோட்டைத் திறந்து மூன்று கேள்வியும் கேட்டுவிடலாம்.

அரசு ஆஸ்பத்திரி என்றால்

பக்கெட், மக், பாய், கூடுதலாக ஒரு போர்வை, கொசுவுக்கு ஏதாவது, பைக்குப் போட ஒரு சின்னப் பூட்டு. ஓ.பி. சீட்டையும் அட்மிஷன் காகிதத்தையும் உயிர் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும், ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதைக் கேட்பார்கள். கூட இருப்பவருக்குக் கொடுக்கிற பாஸை போன் கவருக்குள் வைத்துவிடுங்கள். பெண்கள் வார்டில் பெரும்பாலும் ராத்திரி ஆண்களைத் தங்க விடமாட்டார்கள், அதனால் அம்மாவுக்குத் துணையாக அண்ணனை ஏற்பாடு செய்துவிட்டுக் கடைசி நிமிஷத்தில் திண்டாட வேண்டாம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, மதுரை ராஜாஜி மருத்துவமனை மாதிரிப் பெரிய இடங்களில் ஒரு பிளாக்கிலிருந்து இன்னொரு பிளாக்குக்கு நடக்கவே நேரம் ஆகும். கூட இருப்பவர் நல்ல செருப்பு போட்டுக்கொண்டு வரட்டும், எந்த பிளாக், எத்தனையாவது மாடி, வார்டு நம்பர் என்பதை வருகிற உறவினருக்கெல்லாம் முதலிலேயே அனுப்பிவிடுங்கள்.

அடுக்குகிற முறை

பையை அடுக்குகிறவர் ஒருவர், ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் அதைத் துழாவுகிறவர் வேறொருவர். இந்த ஒன்றை மனதில் வைத்து அடுக்கினால் போதும். என்னிடமிருந்து தம்பி டூட்டி மாற்றிக்கொண்ட முதல் ராத்திரி, அப்பாவுக்கு மாற்று லுங்கி எங்கே என்று கேட்டு எனக்குப் போன் வந்தது, துண்டு எங்கே என்று இன்னொரு போன், பிளாஸ்க் மூடி எங்கே என்று மூன்றாவது. எல்லாம் அந்தப் பைக்குள்தான் இருந்தன.

பெரிய சூட்கேஸ் வேண்டாம், கட்டிலுக்கு அடியில் போகாது. பக்கத்தில் ஜிப் வைத்த துணிப் பை ஒன்று, கட்டிலுக்கு அடியில் தள்ளி இழுக்கிற மாதிரி. அதற்குள் சின்னச் சின்னத் துணிப்பைகளாகப் பிரித்து ஒவ்வொன்றின் மேலும் பெரிய எழுத்தில் ஒரு சீட்டைக் குத்துங்கள்: "மாற்றுத்துணி", "பாத்ரூம்", "பாத்திரம்". ஒரு வேளைக்கு வேண்டிய நைட்டி, உள்ளாடை, துண்டு மூன்றையும் ஒன்றாகச் சுருட்டி வைத்தால் ஒரே கையால் எடுத்துவிடலாம், இன்னொரு கை நோயாளியைப் பிடித்துக்கொண்டிருக்கும். வார்டுக்குப் போனதும் கண்ணாடி டப்பா, பல் செட் டப்பா, வாஸ்லின், கடிகாரம் நாலும் பையில் இருக்கக் கூடாது, தலைமாட்டு மேஜையில் ஒரு சின்ன டப்பாவில். திறந்து வைத்த பையை அப்படியே ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நோயாளியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அடுக்குங்கள். அவருக்குத்தான் பை. மாமியார், "அந்தப் பச்சைச் சால்வையை வை, அப்புறம் முருகர் படம்" என்றார். எனக்குத் தோன்றியிருக்காது. அந்தச் சின்னப் படம் தலையணைக்கு அடியில் ஐந்து நாளும் இருந்தது, பிசியோதெரபிக்கு எழுந்து நிற்கும்போதெல்லாம் அதைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் வாக்கரைப் பிடித்தார். விபூதி, ஜெபமாலை, தஸ்பீஹ், பழைய ரேடியோ, பேரனின் போட்டோ, அவரவர்க்கு எது ஆறுதலோ அதற்கு ஒரு மூலை ஒதுக்கிவிடுங்கள்.

ஆபரேஷன் அன்று காலை

பெரிய பை அறையிலேயே இருக்கட்டும். தியேட்டர் வாசலில் உட்காரப் போகிறவர் கையில் ஃபைல், நோட்டு, பேனா, போன், சார்ஜர், பணம், தண்ணீர் பாட்டில், நோயாளியின் கண்ணாடி, காது மெஷின், பல் செட் டப்பா இவ்வளவும் ஒரு தோள்பையில். காது கேளாதவர் என்றால் மெஷினை மயக்கம் கொடுக்கிற வரை மாட்டியிருக்கலாமா என்று கேட்டுப் பாருங்கள். வெளியே கொண்டுவந்து கண் திறந்ததும் முதல் வேலை, அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிவிடுவது.

திரும்பி வருகிற நாள்

கடைசி நாளுக்கென்று ஒரு செட் தளர்வான உடுப்பை முதலிலேயே சுருட்டித் தனியாக வைத்திருக்க வேண்டும். வயிற்றில் ஆபரேஷன் ஆனவருக்கு ஒரு சின்னத் தலையணை, காரில் குழியில் விழுந்து எழும்போதும் இருமும்போதும் அதை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக்கொண்டால் தையலில் வலி குறையும்.

டிஸ்சார்ஜ் என்று காலையில் சொல்லிவிட்டு மாலை வரை உட்கார வைப்பது பழகிய கதை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் வெளியிட்ட விதிப்படி, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் கோரிக்கையை அனுப்பிய 3 மணி நேரத்துக்குள் காப்பீட்டு நிறுவனம் இறுதி ஒப்புதல் கொடுத்துவிட வேண்டும். அதனால் கோரிக்கையை எத்தனை மணிக்கு அனுப்பினார்கள் என்று கவுன்ட்டரில் கேட்டு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் டிஸ்சார்ஜ் சம்மரியைப் பொறுமையாகப் படியுங்கள், பெயர், வயது, எந்தப் பக்கம் ஆபரேஷன் என்பது வரை சரிபாருங்கள். தையல் பிரிக்கும் தேதி, அடுத்து வர வேண்டிய தேதி, புது மாத்திரை எது, பழைய மாத்திரையில் எதைத் தொடர வேண்டும், எதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு அந்தத் தாளிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சதையைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தால் அந்த ரிப்போர்ட் எப்போது வரும், யார் வந்து வாங்க வேண்டும் என்பதையும். அம்மாவின் பித்தப்பை ரிப்போர்ட்டை வாங்க நாங்களே மறந்து, தையல் பிரிக்கப் போன அன்றுதான் வாங்கினோம். பிரிக்காத மருந்துகளை பில்லோடு கொடுத்தால் பல மருந்தகங்களில் திருப்பி எடுத்துக்கொள்வார்கள். காப்பீட்டுப் பணத்தைப் பிறகு வாங்குவதாக இருந்தால் அசல் பில், அசல் ரசீது எல்லாம் கையெழுத்து, முத்திரையோடு வேண்டும்.

கிளம்புவதற்கு முன்னால் கட்டிலுக்கு அடியில், பாத்ரூம் ஆணியில், ஜன்னல் விளிம்பில், பிளக் பாயின்டில் ஒரு பார்வை. சார்ஜரும் துண்டும் அங்கேதான் கிடக்கும்.

வீட்டுக்கு வந்ததும் துணிகளை மற்ற துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைத்து வெயிலில் போடுங்கள், பையையும்தான். ஃபைலில் புது டிஸ்சார்ஜ் சம்மரி மேலே, பழையது அதற்குக் கீழே, புது மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றுக்கும் மேலே. எங்கள் வீட்டில் அந்த ஃபைல் இப்போது பீரோவின் மேல் தட்டில் இடது மூலையில் இருக்கிறது, பக்கத்திலேயே பல் செட் டப்பாவும் ஒரு ஜோடி காது மெஷின் பேட்டரியும். தம்பிக்கும் அண்ணிக்கும் இடம் தெரியும்.